தூக்கிப் போட்ட பிக்கப்: தாழ்த்தப்பட்ட பழைய செவர்லே ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்த செவர்லே 3100 பிக்கப் ஒன்று மூன்று தலைமுறையாக இருந்து வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இலிருந்து 1954 வரை பம்பாயில் ஆலை வைத்து வண்டிகளைப் பூட்டி விற்ற காலத்தில் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இத்தகைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்னாளில் உடைப்புக்குப் போய்விட்டன. இது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், பெட்ரோல் இஞ்சின் தேய்ந்தபோது அதைக் கழற்றிவிட்டு உள்நாட்டு டீசல் இஞ்சினையும் கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் மாட்டி, தொடர்ந்து வேலைக்குப் பயன்படுத்தியதுதான். கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்ட் மூலத்தில் குழாய்க்குள் அடங்கியிருந்தது; அந்த மாற்றத்தின்போது திறந்த ஷாப்டாக மாறியது. முன்பக்கத்து ஒற்றை இரும்பு ஆக்சிலும், நான்கு மூலையிலும் உள்ள, வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங் அமைப்பும் பழையபடியே இருந்தன.

இப்போதைய உரிமையாளர் வண்டிக்குப் புது வர்ணம் அடித்து, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதைத் தாழ்த்தியிருந்தார், அதாவது தரையை ஒட்டி நிற்கும்படி அதன் உயரத்தைக் குறைத்திருந்தார். பின்பக்கத்தில் ஆக்சிலுக்கும் பட்டைகளுக்கும் இடையில் கட்டை கொடுத்தும், முன்பக்கத்தில் பட்டைகளின் வளைவைக் குறைத்தும் இதைச் செய்திருந்தார்கள். பதினேழு அங்குல அலாய் வீலும், பக்கச்சுவர் குறைந்த அகல டயரும் சேர்ந்தபின் வண்டி பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் உட்கார முடியவில்லை. ஊர்ச் சாலையின் வேகத்தடைகளிலும், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்புகளிலும் வண்டி ஆட்களைத் தூக்கிப் போட்டது. உரிமையாளரின் தாயார் ஒருமுறை தருமபுரி வரை போய்த் திரும்பியபின் அதில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இதற்கு மூன்று வைத்தியம் பார்த்திருந்தார்கள். இருக்கைக்குக் கூடுதல் நுரை போட்டார்கள். விலை உயர்ந்த கேஸ் ஷாக் அப்சார்பர்களை மாட்டினார்கள். கடைசியாக முன்பக்கத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றினார்கள். மூன்றாவது வைத்தியத்துக்குப் பிறகு நிலைமை முன்பைவிட மோசமானது என்று உரிமையாளர் சொன்னார். எங்களுக்குக் கிடைத்த முதல் தடயம் இதுதான். ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதுதான் கோளாறு என்றால், பட்டையைக் குறைத்தபின் குலுக்கல் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும்.

அளந்து பார்த்தவை

பட்டைகளில் கை வைப்பதற்கு முன், வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக நிறுத்தோம். ஓட்டுநருடன் முன்பக்கம் 880 கிலோவும் பின்பக்கம் 640 கிலோவும் இருந்தன. சக்கரம், ஆக்சில், பிரேக் டிரம் முதலியவற்றின் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதில்லை என்பதால் அதைக் கழித்துப் பார்த்தால், ஸ்பிரிங் தாங்கும் எடை முன்னால் சுமார் 770 கிலோ, பின்னால் சுமார் 500 கிலோ.

அடுத்து, ஆக்சிலுக்கும், அது இரும்பில் மோதாமல் தடுக்கச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொருத்தியிருக்கும் பம்ப் ரப்பருக்கும் இடையிலான இடைவெளியைச் சமதளத்தில் அளந்தோம். பின்பக்கத்தில் அது 18 மி.மீ. மட்டுமே இருந்தது, முன்பக்கத்தில் 22 மி.மீ. ஒரு சாதாரண வேகத்தடையே இதைவிடப் பல மடங்கு உயரமானது. ரப்பர் எத்தனை முறை இடிபடுகிறது என்பதை அறிய, நான்கு பம்ப் ரப்பர்களின் அடியிலும் ஈரக் களிமண்ணை அப்பி, காவேரிப்பட்டணம் வழியாகப் பாலக்கோடு சாலையில் சிறிது தொலைவு மெதுவாக ஓட்டிவிட்டு வந்தோம். நான்கிலும் களிமண் அப்பளமாக நசுங்கியிருந்தது. வேகமாக ஓட்டியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள்ளேயே இப்படி என்பதுதான் செய்தி.

பின்பக்கத்து விறைப்பை அளக்க, ஆக்சிலுக்கு நேர்மேலே தொட்டியில் ஐம்பது கிலோ மூட்டைகள் நான்கை அடுக்கினோம். 200 கிலோவுக்குச் சேசிஸ் 12 மி.மீ. மட்டுமே இறங்கியது. அதாவது ஒரு மி.மீ. இறங்க ஏறத்தாழ 16.7 கிலோ தேவைப்பட்டது. இந்தக் கணக்கில், வெறும் வண்டியின் 500 கிலோ எடைக்கு ஸ்பிரிங் 30 மி.மீ. மட்டுமே அமுங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் வண்டி நொடிக்கு எத்தனை முறை அலையும் என்பதை இந்த அமுக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்: அமுக்கத்தை மி.மீ. கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் விடை கிடைக்கும். இந்த வண்டியின் பின்பக்கத்துக்கு அது 2.9 ஹெர்ட்ஸ். கார்களில் 1 முதல் 1.5 வரை இருப்பதை உடல் சுகமாக உணர்கிறது, சுமை வண்டியில் 2 வரை பொறுத்துக்கொள்ளலாம், 2.9 என்பது வெறும் சுமைவண்டிக்கே கடுமைதான். ஒன்பது பட்டைகள் கொண்ட அந்தக் கட்டு, கல்லும் உரமும் ஏற்றிய நாட்களில் கூடுதல் பட்டை சேர்த்துக் கட்டப்பட்டது என்பதை உரிமையாளரின் தந்தை பிறகு நினைவுகூர்ந்தார்.

முன்பக்கத்தில் மூட்டை அடுக்க இடமில்லை. எனவே பட்டைகளின் நீளம், அகலம், தடிமன், எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து விறைப்பைக் கணக்கிட்டோம். இரு பக்கமும் சேர்த்து மி.மீ.-க்குச் சுமார் 9 கிலோ. அமுக்கம் 86 மி.மீ.; அலைவு 1.7 ஹெர்ட்ஸ். எங்கள் பார்வையில் இந்த ஆய்வின் முக்கியமான எண் இதுவே. 1.7 என்பது ஒரு பழைய பிக்கப்பின் முன்பக்கத்துக்கு எவ்வகையிலும் விறைப்பு அல்ல. இருந்தும், அதிகம் அடிப்பது முன்பக்கம்தான் என்று உரிமையாளர் தொடக்கத்திலிருந்தே கூறிவந்தார். ஆகவே அவர் உணர்ந்தது ஸ்பிரிங்கின் விறைப்பை அல்ல. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யத் தொடங்கும் முன்பே இரும்பும் ரப்பரும் மோதுவதைத்தான். பட்டையைக் குறைத்தபோது ஸ்பிரிங் மேலும் மென்மையாகி, மேலும் இறங்கி, ரப்பரை இன்னும் சீக்கிரம் தொட்டது. மூன்றாவது வைத்தியம் நோயைக் கூட்டியதன் காரணம் இதனால் விளங்கியது.

பட்டைகளுக்கிடையேயான உராய்வையும் சோதித்தோம். வண்டியின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தி மெதுவாக விட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு தூக்கி மெதுவாக விட்டு மறுபடி குறித்தால், உராய்வே இல்லாத ஸ்பிரிங்கில் இரண்டு குறியும் ஒன்றாகவே விழும். இங்கே இரண்டுக்கும் 11 மி.மீ. வேறுபாடு இருந்தது. துருவும் மண்ணும் ஏறி இறுகிய பட்டைகள், 90 கிலோ அளவுக்கு விசை வரும்வரை நகரவே இல்லை என்பது இதன் பொருள். சிறிய மேடுபள்ளங்களில் ஸ்பிரிங் வெறும் இரும்புக் கட்டியாக நின்றது. பெரியவற்றில் ரப்பரில் மோதியது. இடையில் அதற்கு வேலையே இல்லை.

கீழே படுத்துப் பார்த்தபோது கண்ட மற்றவை பயணச் சுகத்தைவிடப் பாதுகாப்பைச் சார்ந்தவை. பின்பக்கத்துத் தாழ்வுக்காகக் கொடுத்திருந்த 75 மி.மீ. கட்டை ஒரே துண்டு அல்ல; 50 மி.மீ. கட்டையின் மேல் 25 மி.மீ. கட்டையை அடுக்கியிருந்தார்கள். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் சுழல முயலும். அடுக்கிய கட்டைகள் அந்த முறுக்கத்தில் நழுவக்கூடியவை. முன்பக்கத்துப் பட்டைகளில் கேஸ் வெல்டிங் தீயால் சூடாக்கி வளைவைக் குறைத்ததன் நீல நிறத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. அப்படிச் சூடான இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பட்டை அந்த இடத்தில் தொய்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் முறியவும் கூடும். பட்டைக் கட்டின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் துண்டுகளான பின் ஷேக்கிள்கள் இரண்டும் பின்னோக்கிப் படுத்து, சேசிஸின் அடிப்புறத்தை ஏறக்குறையத் தொட்டபடி இருந்தன. வளைவு நிமிரும்போது பட்டையின் இரு முனை வளையங்களுக்கும் (கண்களுக்கும்) இடையிலான தூரம் கூடும். அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது ஷேக்கிள். இங்கே அதற்கும் போக இடமில்லை.

சேசிஸை வெட்டுவது பற்றி

தாழ்த்தப்பட்ட பிக்கப்புக்கு அசைவு இடம் தேடும்போது முதலில் பேசப்படும் வழி, பின் ஆக்சிலுக்கு நேரே சேசிஸைப் பிறை வடிவில் வெட்டி, அதைச் சுற்றிக் கனத்த தகடு வைத்துப் பற்றவைப்பது. அமெரிக்காவில் இது பரவலாகச் செய்யப்படும் வேலை. நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். உரிமையாளரும் இதைப் படங்களில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். நாங்கள் இதைச் செய்வதில்லை என்று தீர்மானித்தோம்.

காரணங்கள் இரண்டு. எழுபது ஆண்டு பழைய சேசிஸின் உட்புறத் துருவை முழுதாகப் பார்க்கும் வழி எங்களிடம் இல்லை. அப்படிப்பட்ட இரும்பில் மிக அதிக வளைவு விசை வரும் இடத்தில் வெட்டிப் பற்றவைப்பதற்கு எங்களால் உறுதி கொடுக்க இயலாது. இரண்டாவது காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்காக 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், சேசிஸையும் உடலையும் இஞ்சினையும் மாற்றிய வண்டியை அந்த வகைக்குள் ஏற்பதில்லை. இந்த வண்டியின் இஞ்சின் எப்போதோ மாறிவிட்டது. தாழ்த்தியதே சரியா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆயினும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய வேலைக்கும், திரும்பவே முடியாத வெட்டுக்கும் இடையில் கோடு போடுவது எங்கள் பட்டறையின் வழக்கம்.

ஆகவே தேவையான இடத்தைச் சிறிது உயரத்திலிருந்தும் சிறிது ரப்பரிலிருந்தும் எடுக்க முடிவு செய்தோம். “கொஞ்சம் ஏத்துனா பரவாயில்லைண்ணா, ஆனா பார்த்தா தெரியக் கூடாது” என்றார் உரிமையாளர். இந்த ஒரு வரியே எங்களுக்குக் கிடைத்த வேலை வரையறை. ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம்.

டயரும் காற்றும்

எது எவ்வளவு பலன் தந்தது என்பது பின்னர் தெரிய வேண்டும் என்பதால், மாற்றங்களை ஒவ்வொன்றாகவே செய்தோம். முதலில் காற்று. சுமை பிக்கப் என்று எண்ணி நான்கு டயரிலும் 45 பவுண்டு ஏற்றியிருந்தார்கள். எடை மேடையின் கணக்குப்படி முன்பக்கம் 32, பின்பக்கம் 28 என்று குறைத்தபோது தார்ச்சாலையின் சிறு அதிர்வுகள் உடனே தணிந்தன; வேகத்தடையில் அடிப்பது மட்டும் அப்படியே இருந்தது. செலவே இல்லாத இந்த ஒரு படியால் கோளாறு இரண்டு தனித்தனிப் பகுதிகள் கொண்டது என்பது உறுதிப்பட்டது.

பின்னர் டயர். இருந்தது 225/50 ஆர் 17. அதன் பக்கச்சுவர் உயரம் 112 மி.மீ. இந்த வண்டி பிறந்த காலத்தில் 16 அங்குல ரிம்மில் 6.00 அளவுள்ள டயரில் ஓடியது என்பதை நினைத்தால், ரப்பருக்குப் பதில் அலுமினியத்தை வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். 15 அங்குல ரிம்முக்கு மாறி, எந்த ஊரிலும் கிடைக்கும் 205/65 ஆர் 15 டயரைத் தேர்ந்தோம். பக்கச்சுவர் 133 மி.மீ. ஆனது, மொத்த விட்டமோ முன்னதைவிட 9 மி.மீ. மட்டுமே குறைவு. பக்கச்சுவர் அகலத்தில் 75 விழுக்காடு உள்ள 75 வரிசை டயர் போட்டால் இன்னும் மென்மை கிடைக்கும் என்ற யோசனையும் வந்தது. அதன் விட்டம் பெரிது. வண்டி உயரும், ஆனால் ஆக்சிலுக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளி ஒரு மி.மீ.கூட அதிகரிக்காது. ஒப்புக்கொண்ட ஒரு அங்குலத்தைப் பயனில்லாத இடத்தில் செலவழிக்க நாங்கள் விரும்பவில்லை.

பின்பக்கத்துப் பட்டைகள்

அடுக்குக் கட்டையில் மேலிருந்த 25 மி.மீ. துண்டை நீக்கியதால் வண்டியின் பின்புறம் அவ்வளவு உயர்ந்தது. பாதுகாப்புக்காக எப்படியும் செய்தாக வேண்டிய வேலையே தேவையான இடத்தின் ஒரு பங்கையும் கொடுத்தது. 50 மி.மீ. உயரமிருந்த பம்ப் ரப்பரை 32 மி.மீ. உயரமுள்ள, முனை ஒடுங்கிய ரப்பராக மாற்றினோம். இரண்டும் சேர்ந்து இடைவெளி 18இலிருந்து 61 மி.மீ. ஆனது. முனை ஒடுங்கிய ரப்பர் முதலில் மென்மையாகவும் போகப்போக இறுகியும் தடுக்கும். மோதல் நேர்ந்தாலும் அது சம்மட்டி அடியாக இராது.

ஒன்பது பட்டைக் கட்டைப் பிரித்து, நான்கு முதன்மைப் பட்டைகளும் அடியில் ஒரு குட்டைத் துணைப் பட்டையும் கொண்ட புதுக் கட்டை ஸ்பிரிங் பட்டறையில் செய்யச் சொன்னோம். ஒரே தடிமனுள்ள பட்டைகளில் விறைப்பு எண்ணிக்கையை ஒட்டியே மாறும் என்பதால், ஒன்பது நான்காகும்போது விறைப்பு பாதிக்குக் கீழே வரும் என்பது கணக்கு. ஆனால் அதே எடைக்கு ஒவ்வொரு பட்டையும் தாங்கும் தகைவு (உள் விசை) இருமடங்குக்கும் மேலாகிறது. அதனால் பழைய பட்டைகளில் நான்கை எடுத்துப் போடுவதை மறுத்து, எண்ணெயில் குளிரவைத்து முறையாகப் பதப்படுத்திய புதுப் பட்டைகளையே கேட்டோம். ஸ்பிரிங் பட்டறையின் மூத்த மேஸ்திரிக்கு இதில் உடன்பாடில்லை. “லோடு வண்டிக்கு நாலு பட்டை எப்படி சார் தாங்கும்?” என்று அவர் கேட்டது சரியான கேள்வி. தோப்பில் வேறு சுமை வண்டி இருப்பதையும், இதில் இருவரும் சில கூடைகளும் மட்டுமே ஏறும் என்பதையும் சொன்னபின், துணைப் பட்டை 40 மி.மீ. இறக்கத்துக்குப் பிறகு தொடுமாறு இடைவெளி விடும் யோசனையைக் கொடுத்தவர் அவரே. இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி அது என்பது எங்கள் கருத்து.

பட்டை முனைகளின் கூர் விளிம்பை இழைத்து, ஒவ்வொரு முனையின் கீழும் நைலான் வில்லை வைத்தோம். பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகள் நான்கையும் புதிதாக மாட்டினோம். ஒருமுறை முறுக்கி இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. ஷேக்கிளைச் சற்று நீளமானதாக மாற்றியபின், அது சேசிஸைத் தொடாமல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நின்றது.

இதே வேளையில் வேறொரு தொல்லையும் தீர்ந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி இருக்கையின் அடியில் ஓர் உறுமல் எழுந்து மறைவதை உரிமையாளர் குலுக்கலோடு சேர்த்தே சொல்லியிருந்தார். கியர் பாக்ஸ் முனை 4 பாகை கீழ்நோக்கியும், பின் ஆக்சிலின் மூக்கு 1.5 பாகை மட்டுமே மேல்நோக்கியும் இருந்தன. புரொப்பல்லர் ஷாப்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ்களின் (வளைந்து சுழலும் இணைப்புகளின்) கோணம் ஒத்துப்போகாவிட்டால், ஷாப்ட் சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறைந்து அதிரும். அடுக்காமல் சரிசெய்ய வேண்டும் என்பதால், 50 மி.மீ. கட்டையின் மேல்முகத்தையே 2 பாகை சரிவாகக் கடைந்து வாங்கினோம். உறுமல் போனது.

ஷாக் அப்சார்பர்

விலை உயர்ந்த கேஸ் ஷாக் அப்சார்பர்கள் பயனற்றுப் போனதற்குத் தரம் காரணமல்ல. வண்டி நிற்கும் நிலையிலேயே அவை முழுவதும் மூடும் நீளத்துக்கு 15 மி.மீ. அருகில் வந்துவிட்டன, அவற்றுக்குள்ளேயே ஒரு மோதல் நடந்துகொண்டிருந்தது. மேலும், பின்பக்கத்தில் அவை செங்குத்திலிருந்து 42 பாகை உட்சாய்ந்திருந்தன. சாய்ந்த ஷாக் அப்சார்பரின் பலன் கோசைனின் வர்க்கமாகக் குறையும் என்பதால், செங்குத்தாக இருந்தால் கிடைப்பதில் 55 விழுக்காடுதான் சக்கரத்தை அடைந்தது. போல்ட்டால் இறுக்கும் தாங்கியைச் செய்து சாய்வை 20 பாகைக்குக் கொண்டுவந்தபோது அது 88 விழுக்காடானது. மூடிய நிலையில் 245 மி.மீ., நீண்ட நிலையில் 395 மி.மீ. உள்ள, விலை குறைந்த சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பர்களைத் தேர்ந்து, நிற்கும்போது 330 மி.மீ. இருக்குமாறு அமைத்தோம். பட்டைகளின் உராய்வு குறைந்துவிட்டதால், இதுவரை அந்த உராய்வு முரட்டுத்தனமாகச் செய்துவந்த தணிப்பு வேலையும் இனி இவற்றின் பொறுப்பாகிறது. அதனால் மிக மென்மையான வகையை எடுக்கவில்லை.

முன்பக்கம்

தீயில் வாட்டிய பட்டைகளை ஒதுக்கிவிட்டு, அதே எண்ணிக்கையில், அதே தடிமனில் புதுப் பட்டைகளைக் குளிர்நிலையில் வளைத்து, முன்னைவிட 20 மி.மீ. கூடுதல் வளைவுடன் பொருத்தினோம். விறைப்பை வேண்டுமென்றே மாற்றவில்லை. ஒற்றை ஆக்சில் வண்டியில் முன்பக்கம் எவ்வளவு இறங்கலாம் என்பதை இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியே தீர்மானிக்கிறது. ஆக்சில் அதற்கு நேர்கீழே இருக்கிறது. முன்பு இரண்டுக்கும் இடையில் 70 மி.மீ. இருந்தது, புதுப் பட்டையால் 90 ஆனது. பம்ப் ரப்பரை 50இலிருந்து 40 மி.மீ. உயரத்துக்கு மாற்றியபோது ரப்பருக்கு முன்னான இடைவெளி 52 மி.மீ. ஆனது, ரப்பர் முழுதும் நசுங்கினாலும் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே ஏறக்குறைய 15 மி.மீ. மிஞ்சும். ரப்பரை இன்னும் குறைத்து மேலும் இடம் எடுக்கலாம் என்ற ஆசையை இந்த 15 மி.மீ. தடுத்தது.

முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்ததால் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப உதவும் முன் ஆக்சிலின் சாய்வு) மாறவில்லை. இந்த வண்டியின் சக்கர இடைத்தூரம் 2,946 மி.மீ.; ஒரு முனை மட்டும் 50 மி.மீ. உயர்ந்தால் ஆக்சிலின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும். பின்பக்கத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்க நினைப்பவர்கள், ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பும் குணம் குறைவதை எதிர்பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது

எல்லாம் முடிந்தபின் அதே நான்கு மூட்டைகளை ஏற்றினோம். பின்பக்கம் 28 மி.மீ. இறங்கியது, விறைப்பு மி.மீ.-க்கு 7.1 கிலோ, அலைவு 1.9 ஹெர்ட்ஸ். உராய்வுச் சோதனையில் இரு குறிகளுக்கிடையே 4 மி.மீ. மட்டுமே. பின்பக்கத்தை 1.7க்கும் கீழே கொண்டுவர முயலவில்லை. முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் சற்று நேரம் கழித்தே ஏறுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தாமதம் 0.18 நொடி. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக அலைந்தால், பிந்தித் தொடங்கிய அசைவு முந்தியதை எட்டிப் பிடித்து, வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் சமமாக எழுந்து அமரும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் நிறுவிய இந்த விதி, அதே நிறுவனத்தின் வண்டிக்கு இங்கே பொருந்தியது.

களிமண்ணை மீண்டும் அப்பி முன்பு ஓட்டிய அதே சாலையில் ஓட்டினோம். முன்பக்கத்தில் ரப்பர் தொட்ட அடையாளம் இல்லை. பின்பக்கத்தில், ஊருக்குள் யாரோ அரசு அளவு பாராமல் எழுப்பியிருந்த செங்குத்தான வேகத்தடை ஒன்றில் மட்டும் லேசான பதிவு இருந்தது. அப்படிப்பட்ட வேகத்தடையில் எந்த வண்டியும் தப்பாது. டயர் சற்றே சிறுத்ததைக் கழித்தால் பின்பக்கம் 20 மி.மீ., முன்பக்கம் 15 மி.மீ. என்ற அளவிலேயே வண்டி உயர்ந்திருந்தது. முன்பும் பின்பும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்த உரிமையாளரின் நண்பர்கள் வேறுபாட்டை வீல் மாற்றத்தில்தான் கண்டார்கள். தாயார் மறுபடியும் வண்டியில் ஏறி, தருமபுரி வரை போய்வந்தார்.

மாம்பழப் பருவத்துக்குப் பின்

யூ போல்ட்டுகளை நூறு கிலோமீட்டரிலும் ஐந்நூறு கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்கினோம்; முதல் முறை நான்கும் சிறிது இடம் கொடுத்திருந்தன. ஜூலையில், பருவம் முடிந்து வண்டி வந்தபோது பின்பக்கத்து இடைவெளி 61இலிருந்து 55 மி.மீ. ஆகக் குறைந்திருந்தது. புதுப் பட்டைகள் தொடக்கத்தில் இப்படிச் சிறிது அமர்வது இயல்பு, அதற்குமேல் இறங்கவில்லை. நைலான் வில்லைகளுக்கிடையில் தோப்புச் சாலையின் புழுதி புகுந்து, மெதுவாகப் போகும்போது ஒரு கிரீச்சொலி வந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதும் போய்விட்டது, மீண்டும் வரவும் செய்யும்.

மென்மைக்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. ராயக்கோட்டைச் சாலையின் வளைவுகளில் வண்டி முன்பைவிடச் சாய்கிறது. முன்பு ரப்பரின் மேல் உட்கார்ந்து ஓடியதால் சாய இடமே இல்லை, இப்போது இருக்கிறது. முன்பக்கத்துக்குச் சாய்வு தடுக்கும் கம்பி ஒன்று பொருத்தலாம் என்று சொன்னோம்; உரிமையாளர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பின் தொட்டியில் 250 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற குறிப்பை டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பருவத்தின் உச்சத்தில் ஒருநாள் அதையும் மீறிக் கிளிமூக்குக் காய்க் கூடைகள் ஏறின என்பதைத் துணைப் பட்டையின் முனையில் இருந்த புதுத் தேய்மானம் காட்டியது. அந்தப் பட்டை அதற்காகவே அங்கே இருக்கிறது என்றாலும், அது வழக்கமாகிவிட்டால் முதன்மைப் பட்டைகளின் ஆயுள் குறையும் என்று எச்சரித்தோம்.

அடுத்த வண்டியில் மாற்றிச் செய்யவிருப்பவை

இடைவெளி அளப்பதும் களிமண் சோதனையும் இனி எடை மேடைக்கும் முன்பே நடக்கும். அரை மணி நேரத்தில் முடியும் இவ்விரண்டுமே நோயின் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகின்றன. எடையை ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது எடுப்பதோடு, வழக்கமாக ஏறும் ஆட்களும் பொருளும் இருக்கும்போதும் எடுப்போம். இந்த வண்டியில் கூடைகளின் எடையை உரிமையாளரின் வாய்மொழியை நம்பியே கணக்கிட்டோம். சாய்வு தடுக்கும் கம்பிக்கான இடத்தை ஷாக் அப்சார்பர் தாங்கி செய்யும்போதே ஒதுக்கி வைப்பது நல்லது. பின்னர் அவர் மனம் மாறினால் இந்த வண்டியில் தாங்கியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நைலான் வில்லைக்குப் பதிலாக, முனையில் குழி வெட்டி அதற்குள் பொத்தான் போல அமரும் வகையைப் பயன்படுத்திப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது; அதில் புழுதி தங்குவதற்கான பரப்பு குறைவு. பின் இடைவெளி 50 மி.மீ.-க்குக் கீழே போனால் வண்டியைக் கொண்டுவரும்படி உரிமையாளரிடம் சொல்லி, அளக்க வேண்டிய இடத்தில் சேசிஸில் மஞ்சள் வர்ணத்தால் குறியிட்டுக் கொடுத்திருக்கிறோம்.